ஆனைவாய் ஊத்தின் கடைசிக்காரி

ஆனை தண்ணீர் துப்புவதை நிறுத்திவிட்டது!

கூனிமலையின் அடிவாரத்தில் கருங்கல்லில் செதுக்கிய அந்த யானைத் தலை எந்தக் காலத்தது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. தூக்கிய தும்பிக்கை, அதன் கீழே திறந்த வாய், அந்த வாயிலிருந்து கோடையிலும் மணிக்கட்டு கனத்துக்குக் கல்தொட்டியில் விழும் தண்ணீர். ஊருக்கே ஆனைவாய்ப்பட்டி என்றுதான் பெயர். பக்கத்து ஊர்களில் போர்வெல்கள் வெறும் காற்றைக் கக்கிய வருஷங்களில்கூட ஆனை கைவிட்டதில்லை. இந்தப் பங்குனியில் தண்ணீர் நூலாகி, சொட்டாகி, நின்றேபோனது. தொட்டியின் அடியில் பாசி வெடித்துக் கிடந்தது.

நின்ற நேரமும் மோசமான நேரம். ஊற்றைப் பார்க்கத் தொல்லியல் ஆட்கள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். பார்த்துத் திருப்தியானால் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று பலகை நடுவார்கள். பலகை வந்தால் கூனிமலையில் யாரும் வெடி வைக்க முடியாது. மலையின் மறுபக்கம் குவாரிக்காரர்கள் லாரி போக ரோடு போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். வறண்ட ஊற்றுக்கு எவர் பலகை நடப்போகிறார்?

“உள்ளே போய்ப் பார்த்துத்தான் ஆகணும்!” என்று ஊர்க்கூட்டத்தில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். சொன்னவர்களில் பாதிப் பேர் உள்ளே போக முடியாதவர்கள்.

ஆனைவாய்ப்பட்டியில் பிறந்தவர்கள், ஆணோ பெண்ணோ, ஊற்றுக்குள் நுழையக்கூடாது. வாக்கப்பட்டு வந்த மருமகள்கள் மட்டும்தான் நுழையலாம். பிறந்தவனுக்குத் தண்ணீர் சும்மா கிடைத்தது, வந்தவள் உழைத்து வாங்கட்டும் என்று எவனோ ஒரு மாமனார் வகுத்த சட்டமாக இருக்க வேண்டும். மாசி மாதம் ஒரு மருமகள் யானையின் தொண்டைக்குள் தவழ்ந்துபோய் வண்டல் அள்ளி வருவாள். வந்ததும் புதுத் தண்ணீரில் முதல் குடம் அவள் தலையில் ஏறும். அதற்குத் தலைக்குடம் என்று பெயர். ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் நுழைந்தால், கடைசியாக வெளியே வருகிறவளுக்குத்தான் தலைக்குடம். இருட்டில் கடைசிவரை நின்றவள் அவள்தானே.

நான்கு வருஷமாக அந்தக் குடம் வெள்ளத்தாயின் தலையில்தான் ஏறியது. வீட்டுக்குள் அவள் மூத்த மருமகள்; அதாவது, முதலில் எழுந்து கடைசியில் சாப்பிடுகிறவள். வெளியே அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு குடம்தான். “யார் போறது?” என்று கேள்வி வந்ததும் கூட்டம் தன் பக்கம் திரும்பும் என்று அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

கூட்டம் சுபாஷினியின் பக்கம் திரும்பியது.

“எங்க சின்னவ போகட்டும்,” என்றாள் மாமியார் சிவனம்மா. “காலேஜுல இருக்கும்போதே இமயமலையில கயிறு கட்டி ஏறினவ. போட்டோகூட இருக்கு.”

சுபாஷினி, வெள்ளத்தாயின் கொழுந்தன் பெண்டாட்டி. மாசிக் கடைசியில், வண்டல் அள்ளி முடிந்த பிறகு, மதுரையிலிருந்து வாக்கப்பட்டு வந்தாள். வந்த அன்றே வீட்டின் பேச்சுச் சத்தம் மாறிவிட்டது. சுபா என்ன சொல்லுதா, சுபாகிட்ட கேளு, சுபா வச்ச ரசம். அதே புளி, அதே மிளகு!

“இது ஏறுற வேலை இல்ல, அத்தை. தவழுற வேலை,” என்றாள் வெள்ளத்தாய்.

“தவழாமலா வளர்ந்திருப்பா?” என்றது ஒரு குரல். கூட்டம் சிரித்தது.

“நானும் போறேன்! எந்தக் கல்லு முட்டியக் கிழிக்கும்னு எனக்குத்தான் தெரியும்.”

“அக்கா வந்தா எனக்கும் தைரியமா இருக்கும்,” என்றாள் சுபாஷினி.

வெள்ளத்தாய்க்கு அதுவும் பிடிக்கவில்லை. நல்லவளாக வேறு இருந்து தொலைக்கிறாள்.

அப்போது கூட்டத்தின் ஓரத்தில் இருந்து கோமு எழுந்தாள். எதிர்வீட்டு மருமகள், கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். “ரெண்டு ஓரகத்திய இருட்டுக்குள்ள தனியா விட்டா ஒருத்திதான் திரும்பி வருவா. நடுவுல நானும் போறேன்!”

அதிகாரிகள் வரும் நாள் காலையில், வெயில் ஏறும் முன்பே மூவரும் யானையின் முன்னால் நின்றார்கள். இடது காதுக்குப் பின்னால் ஒரு பலகைக்கல். ஆண்கள் கடப்பாரை போட்டு நெம்ப, அது உறுமிக்கொண்டு விலகியது. உள்ளேயிருந்து குளிர்ந்த மண்வாடை வந்தது. வெள்ளத்தாய்க்கு அந்த வாடை, பூட்டிக் கிடந்த பிறந்த வீட்டைத் திறந்ததுபோல இருந்தது. அந்த வாடையைச் சுபாஷினியும் மூக்கை விரித்து முகர்ந்தாள். வெள்ளத்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சுபாஷினியின் தலையில் சிவப்பு ஹெல்மெட், அதில் ஒரு விளக்கு, ஒரு சின்னக் கேமரா. இடுப்பில் பெல்ட், கயிறு, கொக்கிகள். அவள் புருஷன் அவளை இந்தப் பக்கம் நிறுத்தி ஒரு படம், அந்தப் பக்கம் நிறுத்தி ஒரு படம் எடுத்தான். வெள்ளத்தாயிடம் ஒரு டார்ச், ஒரு சம்மட்டி, ஒரு குட்டைக் கடப்பாரை. சங்கிலி என்கிற அவள் புருஷன் அவள் அருகில் வந்தான். ஏதோ சொல்லப்போகிறான் என்று நிமிர்ந்தாள்.

“டார்ச்சுல பேட்டரி இருக்கா?” என்றான்.

“இருக்கு.”

“சரி.”

அவ்வளவுதான் அவளுக்கு வழியனுப்பு.

“ஆனை வயித்துல குட்டி இருக்குன்னு சொல்லுதாவளே, தங்கக் குட்டியா இருந்தா காது ரெண்டும் எனக்கு!” என்று சொல்லிக்கொண்டே கோமு குனிந்தாள். அது அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும்போது சொல்கிற கதை. ராஜா காலத்துப் புதையல், தங்க யானைக்குட்டி, மலையின் வயிற்றில் தூங்குகிறது. பார்த்தவர்கள் யாரும் இல்லை. தொண்டையின் முடிவில் ஒரு சந்து உண்டு. எப்போதும் அது தண்ணீரில் மூழ்கியே இருக்கும். அதைத் தாண்டி எந்த மருமகளும் போனதில்லை.

தொண்டை என்பது இடுப்புயரக் கல்வழி. இரண்டு பக்கமும் அடுக்குக்கல், மேலே பலகைக்கல், தரையின் நடுவே வாய்க்கால். முன்னால் சுபாஷினி, அடுத்து வெள்ளத்தாய், பின்னால் பெருமூச்சு விட்டுக்கொண்டே கோமு.

“அக்கா, இங்க பாருங்களேன்! சுண்ணாம்பே வைக்காம அடுக்கியிருக்காங்க. ஒரு பிளேடுகூட நுழையாது!”

“நாலு வருஷமா அது அப்படித்தான் இருக்கு.”

“எவ்வளவு அழகு!”

“அழகப் பார்த்துட்டே முட்டியக் கிழிச்சுக்காத.”

சொல்லி முடிக்கும் முன்பே வெள்ளத்தாயின் முட்டி கிழிந்தது.

பாதி வழியில் ஒரு ஆலவேர் கூரையைப் பிளந்துகொண்டு கையளவு கனத்தில் குறுக்கே இறங்கியிருந்தது. வெள்ளத்தாய் முதலில் நுழைந்த வருஷம் அது விரல் அளவு. சுபாஷினி விளக்கை உயர்த்திக் கூரையைப் பார்த்தாள். “தொடாதீங்கக்கா. மேல கல்லு வேரு மேலதான் உக்கார்ந்திருக்கு. ஒருக்களிச்சுப் போயிடலாம்.”

“நீ வழி விடு. வேரு வெட்டத் தெரியாமலா நான் வந்தேன்?”

“அக்கா, வேண்டாம்!”

வேண்டாம் என்ற சொல்தான் அவள் கையை ஓங்க வைத்தது. கடப்பாரையால் ஒரே குத்து! வேர் நசுங்கியது. மேலே ‘கிர்ர்’ என்று ஒரு சத்தம். மண் கொட்டியது. அடுத்த நொடி யாரோ அவள் தோளைப் பிடித்து முரட்டுத்தனமாக முன்னால் இழுத்தார்கள். அவள் தலை இருந்த இடத்தில் அம்மிக்கல் அளவு கல் ஒன்று வந்து விழுந்தது.

தூசி அடங்க நேரமானது.

“ரெண்டு பேரும் இருக்கீங்களா, இல்ல நான் ஊர்ல போய் அழணுமா?” என்று பின்னாலிருந்து கோமு கத்தினாள்.

“இருக்கோம்!” என்றாள் சுபாஷினி. அவள் கை இன்னும் வெள்ளத்தாயின் தோளில் இருந்தது.

நன்றி சொல்ல வேண்டிய இடம். வெள்ளத்தாய் முந்தானையால் கண்ணில் விழுந்த மண்ணைத் துடைத்தாள். இவளைப் பிடிக்காமல் இருப்பது ஏற்கெனவே கஷ்டமாக இருந்தது. இனி உயிரைக் காப்பாற்றியவளை வேறு பிடிக்காமல் இருக்க வேண்டும். “கோமு, கல்ல ஓரமா உருட்டிட்டு வா,” என்று மட்டும் சொன்னாள்.

தொண்டை முடிந்தது. எப்போதும் தண்ணீர் ததும்பி நிற்கும் இடம் காய்ந்து கிடந்தது. எதிரே பாறையில் அந்தச் சந்து, செங்குத்தாக, கறுப்பாக. முதல் முறையாக மருமகள்களின் கண்ணுக்குத் திறந்து நின்றது!

கோமு ஒருமுறை சந்தைப் பார்த்தாள், ஒருமுறை தன்னைப் பார்த்தாள். “என்னால முடியாதும்மா. நான் இங்கேயே கயித்தப் பிடிச்சுட்டு உக்காருதேன். ரெண்டு இழுப்பு இழுத்தா, இழுத்துப் போட்டுருவேன். காது ரெண்டும் மறந்துடாதீங்க!”

சுபாஷினி கயிற்றை இருவர் இடுப்பிலும் கட்டினாள். பிறகு மூச்சை வெளியே விட்டு, பாம்பு மாதிரி நெளிந்து சந்துக்குள் போய் மறைந்தாள். வெள்ளத்தாய் நுழைந்தாள். நெஞ்சு போனது. இடுப்பு மாட்டிக்கொண்டது.

“மூச்ச விட்டுட்டு வாங்கக்கா!”

“விட்டுட்டேன்!”

“இன்னும் விடுங்க!”

“இனி விட்டா திரும்பி வராது!”

பின்னால் கோமு தோளை வைத்து முட்டினாள். முன்னால் சுபாஷினி இரண்டு கையையும் பிடித்து இழுத்தாள். வெள்ளத்தாய் குப்பென்று அந்தப் பக்கம் போய் விழுந்தாள். அந்த இடுப்பையும் அவள் மனது குறித்துக்கொண்டது. சின்னவள் வழுக்கிப் போன இடத்தில் தனக்கு மாட்டியது.

எழுந்தவள் அப்படியே நின்றாள்.

அது ஒரு பெரிய குகை. ஒரு தேர் நிற்கும் அளவு உயரம். உச்சியில் ஒரு ஓட்டை. அதன் வழியாக ஒரு கட்டு வெளிச்சம் நேராக இறங்கி, நடுவில் இருந்த கற்குவியலின் மேல் விழுந்தது. நூற்றுக்கணக்கான கற்கள். உருண்டைக்கல், பலகைக்கல், உடைந்த உரல், ஓடைக்கல். சுபாஷினி ஒன்றை எடுத்துத் திருப்பினாள். அதில் உளியால் கீறிய இரண்டு குறிகள். இன்னொன்றில் இரண்டு எழுத்துகள். இன்னொன்றில் ஒரு கலப்பையும் ஒரு பூவும்.

“அக்கா,” என்றாள் மெதுவாக. “இது நம்ம சாட்சிக்குழி.”

மலை உச்சியில் அந்தக் குழி இருக்கிறது. கல்யாணம் முடிந்ததும் பொண்ணும் மாப்பிள்ளையும் பெயர்க்குறி போட்ட கல் ஒன்றைச் சுமந்து ஏறி அதற்குள் போடுவார்கள். மலையே சாட்சி. கல் விழும் சத்தத்தை எல்லோரும் காது கொடுத்துக் கேட்பார்கள். சத்தம் பெரிதாக இருந்தால் வாழ்க்கை பெரிதாக இருக்குமாம். அதனால் ஒரு வீட்டுக் கல்லைவிட அடுத்த வீட்டுக் கல் பெரிதாகிக்கொண்டே வந்தது. குழி பாதாளத்துக்குப் போகிறது என்று ஊர் நம்பியது. தலைமுறை தலைமுறையாகத் தாங்கள் குடிக்கிற தண்ணீரின் தலையில் தாங்களே கல் போட்டிருக்கிறார்கள்!

“கூறுகெட்ட ஊரு,” என்றாள் வெள்ளத்தாய். பிறகு, தானும் போட்டது ஞாபகம் வந்தது. தேங்காய் அளவு ஓடைக்கல். ‘வெ’ என்றும் ‘ச’ என்றும் சங்கிலியே ஆணியால் கீறினான். விழுந்தபோது ஒரு சின்ன ‘டொக்’. மாமியார் உதட்டைச் சுழித்தாள்.

சுபாஷினியின் கல் அப்படியில்லை. அவள் அப்பா மதுரையிலிருந்து பாலிஷ் போட்ட கறுப்புக் கிரானைட்டை வேனில் அனுப்பினார். தாமரைப்பூ, பொன் எழுத்தில் இரண்டு பெயர். நான்கு ஆள் தூக்கிக்கொண்டு மலை ஏறினார்கள். விழுந்த சத்தத்தில் அடிவாரத்து மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. அந்தச் சத்தம் வெள்ளத்தாயின் காதில் இன்னும் ஓயவில்லை.

“அங்க பாருங்கக்கா!”

குவியலின் பின்னால், பாறைச்சுவரை ஒட்டி, ஒரு சின்னக் காது தெரிந்தது. இருவரும் பாய்ந்து கற்களை விலக்கினார்கள். நெற்றி வந்தது. சுருங்கிய கண் வந்தது. தும்பிக்கையைச் சுருட்டி வைத்துக்கொண்டு, கால் மடக்கிப் படுத்திருக்கும் ஒரு யானைக்குட்டி! தங்கம் இல்லை. கல். ஆனால் வெளியே இருக்கும் தாயைவிட நுட்பமான வேலை. தோலின் மடிப்புகள்கூடத் தெரிந்தன. யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் ஒரு சிற்பி இருட்டில் உட்கார்ந்து இமைமுடி செதுக்கியிருக்கிறான்.

“இதுதான் ஊத்தோட கண்ணு,” என்று மூச்சுவாங்கினாள் சுபாஷினி. “பாறைத் தண்ணி இது வாய் வழியா வந்து, தொண்டையில ஓடி, வெளிய அம்மா வாய்க்குப் போகுது. வயித்துல குட்டின்னு சொன்னது கதையில்ல!”

குட்டியின் வாய்க்கு நேராகத்தான் அது நின்றது. தாமரைப்பூ. பொன் எழுத்து. கறுப்புக் கிரானைட். சாய்வாக வந்து வாயை அப்படியே அடைத்து நின்றது. விளிம்புகளில் தண்ணீர் கசிந்தது. உள்ளே, பாறைக்குள், பெரிய பானை கொதிப்பதுபோல ஒரு உறுமல்.

வெள்ளத்தாய்க்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. இத்தனை நாள் நெஞ்சில் கிடந்த கல், ஊரின் தொண்டையிலும் அதே கல்தான்! வெளியே போய்ச் சொன்னால் போதும். சின்னவ கல்லுதான் ஊத்த அடைச்சது. ரசத்தை இனி யாராவது புகழட்டும் பார்க்கலாம்.

சுபாஷினியின் முகம் வெளுத்துப்போயிருந்தது. “உடைச்சுடுங்கக்கா,” என்றாள்.

சாட்சிக்கல்லை உடைத்தால் வாழ்க்கை உடையும் என்பது ஊர்ப்பேச்சு. அது அவளுக்கும் தெரியும். உதட்டைக் கடித்துக்கொண்டு, “நீங்களே உடைங்க,” என்றாள் மறுபடியும்.

வெள்ளத்தாய் சம்மட்டியை எடுத்தாள். எத்தனை நாள் ஆசை! இரண்டு கையாலும் ஓங்கி, தாமரையின் நடுவில் அடித்தாள். ‘டங்!’ சம்மட்டி எகிறி வந்தது. தாமரையில் ஒரு கீறல்கூட இல்லை. மறுபடி அடித்தாள். கை விறைத்ததுதான் மிச்சம்.

“கீழ நெம்பிப் பார்க்கேன்,” என்று மண்டியிட்டு டார்ச்சை அடியில் செலுத்தினாள்.

அப்போதுதான் பார்த்தாள்.

பலகை தானாக நிற்கவில்லை. வழுவழுப்பான கல்; சரிந்து பக்கத்துப் பள்ளத்தில் விழுந்திருக்க வேண்டியது. அதன் அடியில், லாரிச் சக்கரத்துக்கு அண்டை கொடுத்ததுபோல, தேங்காய் அளவு ஓடைக்கல் ஒன்று மாட்டி, அதைத் தாங்கிப் பிடித்திருந்தது. கல்லின் முகத்தில் ஆணிக்கீறல். ‘வெ’. ‘ச’.

வெள்ளத்தாய் டார்ச்சை அணைத்தாள்.

சுபாஷினி பார்க்கவில்லை. அவள் குட்டியின் காதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போது எழுந்து, முடியவில்லை என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடலாம். ஊர் நாளைக்கு ஆள் விட்டுக் கிரானைட்டை உடைக்கும். தன் கல் தூசியோடு தூசியாகப் போய்விடும். ஆனால் இன்று அதிகாரிகள் வருகிறார்கள். நாளைக்கு அவர்கள் இருக்கமாட்டார்கள்.

இதிலும் பார், என்று நினைத்தாள். அவள் கல் உடையாது. உடைகிற கல் என்னுடையது.

“சுபா, தள்ளி நில்லு. அந்தப் பக்கம் போ. கயித்த இறுக்கிப் பிடி.”

“என்னக்கா பண்ணப்போறீங்க?”

“பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நில்லுன்னு சொன்னேன்!”

டார்ச்சைப் பல்லில் கடித்து ஏற்றினாள். கடப்பாரை முனையை ‘வெ’க்கும் ‘ச’வுக்கும் நடுவில் வைத்தாள். அந்த இடம்தான் மெலிதாக இருந்தது. சம்மட்டியால் ஒரு அடி. கல் சொன்னபடி கேட்டது, இரண்டாகப் பிளந்தது. கிரானைட் பலகை ஒரு கணம் யோசித்தது. பிறகு அலறிக்கொண்டு சரிந்து பள்ளத்தில் விழுந்தது. மலை அதிர்ந்தது!

குட்டியின் வாயிலிருந்து முதலில் சேறு வந்தது. பிறகு காற்று. பிறகு தண்ணீர்!

அது ஊற்று மாதிரி வரவில்லை. அடைத்து வைத்த கோபம் மாதிரி வந்தது. இருவரையும் புரட்டிச் சந்து வரை கொண்டுபோய் அடித்தது. கயிறு இரண்டு முறை வெட்டி இழுத்தது. அந்தப் பக்கம் கோமு புரிந்துகொண்டு இழுக்கத் தொடங்கினாள்.

“நீங்க முதல்ல போங்கக்கா!” என்று கத்தினாள் சுபாஷினி, சந்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு.

“நீ போ!”

“இல்லக்கா, நீங்க போங்க! நான் பின்னால வர்றேன்!”

“ஏட்டி, இடுப்பு வரைக்கும் தண்ணி வந்தாச்சு!”

“அதான் சொல்றேன், போங்க!”

தண்ணீர் நெஞ்சுக்கு ஏறியது. சுபாஷினி அசையவில்லை. வெள்ளத்தாய் அவள் ஹெல்மெட்டில் கை வைத்து, குனிய வைத்து, பின்பக்கத்தில் காலால் ஒரு உதை விட்டாள். சின்னவள் சந்துக்குள் போய்ச் சேர்ந்தாள். அவளுக்குப் பின்னாலேயே வெள்ளத்தாய் புகுந்தாள். இந்த முறை இடுப்பு மாட்டவில்லை. தண்ணீரே அவளைப் பிதுக்கித் தள்ளியது.

அதற்குப் பிறகு தவழ்ந்தார்களா, நீந்தினார்களா, உருண்டார்களா என்று மூவருக்குமே தெரியாது. ஆலவேர் முகத்தில் அடித்தது. கோமு எல்லாச் சாமியையும் பெயர் சொல்லித் திட்டினாள். முதலில் கோமு வெளிச்சத்துக்கு வந்து விழுந்தாள்; அடுத்து சுபாஷினி; கடைசியாக, கிழிந்த முட்டியும் சேறு நிறைந்த வாயுமாக வெள்ளத்தாய்.

ஆனை இருமியது. ஒரு தரம், இரண்டு தரம். பிறகு கல்தொட்டி வழிய, வழிய, வழியக் கக்கியது!

ஊர் கத்திய சத்தத்தில், அப்போதுதான் வந்து நின்ற ஜீப்பிலிருந்து இறங்கிய அதிகாரி அம்மா மறுபடி ஜீப்புக்குள் ஏறிவிட்டார். சிவனம்மா பித்தளைக் குடத்தோடு ஓடி வந்தாள். சின்னவளைப் பார்த்தாள், பெரியவளைப் பார்த்தாள், அவர்கள் வெளியே வந்த காதுப்பக்கத் திறப்பைப் பார்த்தாள். வேறு வழியில்லை. குடம் வெள்ளத்தாயின் தலையில் ஏறியது.

“கூடப் பிறக்காத தங்கச்சிய முன்னால அனுப்பிட்டுக் கடைசியா வந்திருக்காளே!” என்று பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

அந்த நேரம் பார்த்து ஆனை ‘தூ’ என்று எதையோ தொட்டியில் துப்பியது. அதிகாரி அம்மா குனிந்து எடுத்தார். பாதிக் கல். ஒரு எழுத்து. “இது என்ன? ‘வெ’ன்னு போட்டிருக்கே.”

கூட்டம் அமைதியானது. குடம் தலையில் கனத்தது. இப்போது பேசாமல் இருந்தால் இந்த அமைதியைக் காலம் முழுக்கச் சுமக்க வேண்டும் என்று வெள்ளத்தாய்க்குத் தோன்றியது.

“என் கல்லு,” என்றாள். “சாட்சிக்குழி நேரா ஊத்து மேலதான் திறக்குது. நாம போட்ட கல்லு எல்லாம் அங்கதான் கெடக்கு. என் கல்லுதான் அண்டை கொடுத்து அடைச்சு நின்னுச்சு. உடைச்சுட்டேன்.”

“அடைச்சது என் கல்லு,” என்றாள் சுபாஷினி உடனே. “அக்கா கல்லு சும்மா மாட்டிக்கிட்டது.”

“இதுலயும் உன் கல்லுதான் பெருசாக்கும்?” என்றாள் வெள்ளத்தாய்.

கோமுதான் முதலில் சிரித்தாள். பிறகு ஊரே சிரித்தது. சங்கிலி மட்டும் அந்தப் பாதிக் கல்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “அப்ப நான் உள்ளேயே கெடக்கேனா?”

“கெட. அடுத்த மாசியில வந்து கூட்டிட்டு வாரேன்.”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் ஊர் நடுவே வாய்விட்டுச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

கல்குட்டியைப் பற்றிக் கேட்டதும் அதிகாரி அம்மாவின் கண் விரிந்தது. சுபாஷினியின் ஹெல்மெட் கேமராவில் பதிந்ததை நான்கு முறை ஓடவிட்டுப் பார்த்தார். பலகை வரும் என்று அவர் வாயால் சொல்லவில்லை. ஆனால் போகும்போது, ஊற்றைச் சுற்றிலும் அடையாளக் கல் ஊன்றிவிட்டுத்தான் போனார். சாட்சிக்குழிக்குக் கம்பிவலை போடுவதென்று அன்றே ஊரில் முடிவானது. இனிக் கல்யாண ஜோடிகள் கல் போடுவதில்லை. ஆளுக்கொரு கல்லை உள்ளேயிருந்து எடுத்து வர வேண்டும். மருமகள்தான் நுழைய வேண்டும், மாப்பிள்ளை வாசலில் நின்று வாங்க வேண்டும்.

கூட்டம் கலைந்த பிறகு இரண்டு ஓரகத்திகளும் தொட்டியோரம் உட்கார்ந்து சேற்றைக் கழுவினார்கள்.

“தள்ளிவிட்டதுக்குத் தேங்க்ஸ்க்கா,” என்றாள் சுபாஷினி.

வெள்ளத்தாய் முட்டியைக் கழுவினாள். பொய் சொல்ல அலுப்பாக இருந்தது. “உன்னக் காப்பாத்த ஒண்ணும் தள்ளல. நான் கடைசியா வரணும்னு தள்ளுனேன்.”

“தெரியும்,” என்றாள் சுபாஷினி. “நான் மட்டும் எதுக்கு நெஞ்சு வரைக்கும் தண்ணியில நின்னேன்னு நினைக்கிறீங்க?”

வெள்ளத்தாய் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். முதல் தடவையாக நன்றாகப் பார்த்தாள். பிறகு குடத்தைத் தொட்டிக்குள் அமுக்கி நிரப்பி, இடுப்பில் ஏற்றினாள்.

“அடுத்த மாசிக்குப் பார்ப்போம்ட்டி.”

“பார்ப்போம்க்கா.”

ஆனை அவர்கள் பின்னால் தண்ணீரைத் துப்பிக்கொண்டே இருந்தது.